ஆனையிறவில் ஒரு வானொலிப் போட்டி: விதி எப்படி இருக்க வேண்டும்?

ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்களின் போட்டிகளில் பெரியது சீ.கியூ. உலகப் போட்டி. ஒக்டோபர் கடைசி வார இறுதியில் குரலுக்கும் நவம்பர் கடைசி வார இறுதியில் மோர்சுக்குமாக, 48 மணிநேரம் நடக்கும். அதன் புள்ளி விதியைப் படித்தாலே வெற்றி எங்கிருந்து வருகிறதென்று தெரிந்துவிடும். வேறு கண்டத்து நிலையத்தைப் பிடித்தால் 3 புள்ளி, சொந்தக் கண்டத்தில் வேறு நாடென்றால் பெரும்பாலும் 1, சொந்த நாட்டுக்குள் பூச்சியம். இந்தக் கூட்டுத்தொகையை, ஒவ்வொரு அலைப்பட்டையிலும் தொட்ட நாடுகளினதும் வலயங்களினதும் எண்ணிக்கையால் பெருக்குவார்கள். ஜேர்மனிய அணிக்குப் பிரான்ஸ் 1 புள்ளி. கேப் வெர்டே தீவிலிருக்கும் அணிக்கு அதே பிரான்ஸ் 3, அமெரிக்காவும் 3. ஐரோப்பா, அமெரிக்கா என்ற இரண்டு பெரிய ஹாம் சந்தைகளுக்கும் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டே கணக்கில் அது ஆப்பிரிக்கா. கேப் வெர்டே, கனேரித் தீவுகள், அரூபா, குராசோ ஆகிய பெயர்கள் பட்டியலின் உச்சியில் திரும்பத் திரும்ப வருவது அங்கே பிறந்தவர்களின் காது கூர்மையால் அல்ல. பல அணிகள் அங்கே விமானமேறிப் போய் விளையாடுகின்றன. இதற்கு மேல், உயர்வலுப் பிரிவில் 1,500 வாற் வரை அனுமதி. கோபுரங்களுக்குக் காசு இருப்பவர் கை இன்னும் நீளும். ஆக, இந்தப் போட்டி அளப்பது இடத்தையும் இரும்பையும் மனிதரையும் சேர்த்த ஒரு கலவையை. அது தவறல்ல. ஆனால் அதை வைத்து எந்த அணி திறமையான அணி என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

தீர்ப்புச் சொல்வதற்காகவே 1990இல் அமெரிக்காவின் சியாட்டிலில் உலக வானொலி விளையாட்டு அணிச் சம்பியன்ஷிப் தொடங்கப்பட்டது. அணிக்கு இருவர். 2014இல் பொஸ்ரன் நகரைச் சுற்றி 59 அணிகள், 2018இல் ஜேர்மனியில் 63 அணிகள். எல்லோருக்கும் ஒரே மாதிரி அன்ரனா, 100 வாற், தற்காலிகக் கூடாரம். அழைப்புக்குறியைக்கூடப் போட்டி தொடங்கச் சற்று முன்னர்தான் கையில் கொடுப்பார்கள். ஊரறிந்த குறிக்காக நண்பர்கள் ஓடிவந்து புள்ளி கொடுக்க வழியில்லை. நடுவர் ஒருவர் பக்கத்திலேயே இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். இவ்வளவு சமன் செய்தபின் முடிவு குலுக்கல் சீட்டுப் போலாகியிருக்க வேண்டுமே? ஆகவில்லை. ஜெஃப் ஸ்டெய்ன்மன், டான் ஸ்ட்ரீட் இணை 1996இல் சான் பிரான்சிஸ்கோவிலும் 2000இல் ஸ்லோவேனியாவிலும் 2002இல் பின்லாந்திலும் வென்றது. மூன்று நாடு, மூன்று விதமான வான்நிலை, ஒரே இணை. 2014இல் வென்ற டான் கிரெய்க் 2018இல் மீண்டும் வந்து மூன்றாமிடம் பிடித்தார். அந்த ஆண்டு முதலிடம் சின்னஞ்சிறு லித்துவேனியாவுக்கு. கருவியைச் சமப்படுத்தினால் மனிதத் திறன் தெளிவாகத் தெரியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இலங்கையின் வடக்கில் இளையோருக்காக ஓர் அணிப் போட்டி அமைந்தால் பின்பற்ற வேண்டியது இந்த இரண்டாவது வழியைத்தான். அதற்கு ஆனையிறவைவிடப் பொருத்தமான களத்தை நான் காணவில்லை. உப்பு ஊறிய தரை மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்; அதன் மேல் நட்ட செங்குத்து அன்ரனா, அலையை அடிவானத்தை ஒட்டித் தொலைதூரம் அனுப்பும். மலையில்லை, மரமில்லை, பரவைக் கடல் இரு பக்கமும். ஆனால் இதே நன்மைக்குள் ஒரு பொறியும் உண்டு. ஓர் அணி நீர்விளிம்பிலும் மற்றது உலர்ந்த மணல் மேட்டிலும் நின்றால், 100 வாற் விதி வெறும் கடதாசி விதிதான். நீருக்கும் கம்பத்துக்கும் இடையிலான தூரத்தை விதியிலேயே எழுத வேண்டும். கூடார இடத்தைச் சீட்டுக் குலுக்கித்தான் கொடுக்க வேண்டும். ஓர் அணியின் ஒலிபரப்பு அடுத்த அணியின் காதை அடைக்காதபடி கூடாரங்களுக்கிடையே போதிய இடைவெளியும் வேண்டும்.

காலத்தையும் யோசிக்க வேண்டும். நவம்பரில் வாடை மழையில் உப்பு வயலில் கம்பம் நிற்காது. ஜூலை இரண்டாவது வார இறுதியில் வரும் சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியத்தின் (ஐ.ஏ.ஆர்.யூ.) போட்டி நமக்குத் தோதானது: சனி மாலை 5.30க்குத் தொடங்கி ஞாயிறு மாலை 5.30க்கு முடியும். சோளகம் பலமாக வீசும். கம்பத்தை இழுத்துக் கட்டுவதும் பரீட்சையின் ஒரு பகுதிதான். ஐ.ஏ.ஆர்.யூ. விதிப்படி இங்கிருந்து சென்னைக்கு 1 புள்ளி, பெர்லினுக்கு 5. எல்லா அணியும் ஒரே வெளியில் நிற்பதால் அந்த ஏற்றத்தாழ்வு இங்கே யாரையும் பாதிக்காது.

அன்ரனா கட்டுவதே பாதி வித்தை, அதைச் சமப்படுத்தினால் பொறியியல் செத்துவிடும் என்பார்கள். நியாயமான கவலை. ஆனால் புதிய அன்ரனாவைச் சோதிக்க சீ.கியூ. போட்டி ஆண்டுதோறும் திறந்தே கிடக்கிறது. கருவி வாங்க வசதியற்ற பாடசாலை அணிக்குத்தான் வேறு வாசல் இல்லை. கைப்பேசிக் காலத்தில் இது எதற்கு என்பது அடுத்த கேள்வி. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தொலைபேசி இணைப்புகள் அறுந்தபோது அம்பாந்தோட்டையிலிருந்து செய்தி அனுப்பியவர்கள் ஹாம்கள். வெட்டவெளியில் சில மணிநேரத்தில் நிலையமொன்றை எழுப்பிப் பேசும் பயிற்சியை இதுபோன்ற போட்டிதான் தரும்.

மிகக் கடினமான தடை வேறு. கண்ணிவெடிகள் புதைக்கப்பட்ட முகமாலை பக்கத்தில்தான் இருக்கிறது. கண்ணிவெடி அகற்றியதாகச் சான்று பெற்ற நிலத்துக்கு வெளியே ஒரு முளைகூட அடிக்கக் கூடாது. தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் இல்லாதவர் ஒலிபரப்பியை இயக்கவும் முடியாது. ஆகவே மாணவரைப் பரீட்சைக்குத் தயார்படுத்துவது போட்டிக்கு முந்திய வேலை. ஏற்பாடு செய்ய முன்வருவோர் பரிசுத் தொகையை அறிவிக்கும் முன் கம்பத்தின் உயரம், வலு, நீர்த் தூரம் மூன்றையும் எழுத்தில் வெளியிடட்டும்.