பெயரும் கதையும்

அழகர்மலையில், கிடாரிப்பட்டிப் பக்கமாக, சமணத் துறவிகள் தங்கியிருந்த குகைத்தளம் ஒன்று இருக்கிறது. அழகரைச் சேவிக்க வருகிறவர்களில் அங்கே ஏறிப் பார்க்கிறவர்கள் வெகு சிலரே. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்துக்குத் தானம் செய்தவர்களின் பெயர்களைப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மதுரைப் பொற்கொல்லன் ஒருவன், உப்பு வணிகன் ஒருவன், ஏர்க்கொழு விற்றவன், துணி விற்றவன். பெயர், தொழில், சிலருக்கு ஊர், அவ்வளவுதான். உப்பு எந்தக் கடற்கரையிலிருந்து புறப்பட்டது, மூட்டை சுமந்து நடந்தவர்கள் யார் என்பதைக் கல் சொல்லவில்லை.

அங்கிருந்து கோவில் வாசலுக்கு வந்தால் வேறு விதமான சாட்சி கிடைக்கிறது. சாத்தியிருக்கும் கதவையே ஜனங்கள் பதினெட்டாம்படிக் கருப்பனாகக் கும்பிடுகிறார்கள். மலையாள தேசத்திலிருந்து பதினெட்டு மந்திரவாதிகள் அழகரின் சக்தியைக் கவர்ந்து போக வந்தார்கள், பிடிபட்டு மாண்டார்கள், கூட வந்த தெய்வம் மட்டும் இங்கேயே காவலுக்கு நின்றுவிட்டது என்பது கதை. வெளியூரிலிருந்து வந்தவன் வாசல் காப்பவனாக ஆன கதை இது. இங்கே பயணம் இருக்கிறது; வந்த மனிதர்களின் பெயர் இல்லை. தொ. பரமசிவன் 1989-ல் வெளியான தமது 'அழகர் கோயில்' என்னும் ஆய்வு நூலில் கல்வெட்டோடு வாய்மொழிக் கதைகளையும் வர்ணிப்புப் பாடல்களையும் சமமாக உட்கார வைத்தார். அதுவே அந்த நூலின் பெருமை என்று நான் நினைக்கிறேன்.

கல்லுக்குப் பெயர் மிஞ்சுகிறது; கதைக்குப் பயணம் மிஞ்சுகிறது. ஊர்விட்டுப் போனவர்களைப் பற்றி இரண்டையும் சேர்த்துக் காப்பாற்ற நாவல் என்று ஒன்று நம்மிடம் இருக்கிறதே, அது அந்தக் காரியத்தைச் செய்ததா?

மதுரைச் சீமையிலிருந்து கடல் கடந்தவர்களைப் பொறுத்தமட்டில், ப. சிங்காரம் செய்தார். 1920-ல் சிங்கம்புணரியில் பிறந்து, 1938-ல் சுமத்ராவிலுள்ள மெடானுக்குப் பிழைக்கப் போய், யுத்தம் முடிந்தபின் 1946-ல் திரும்பி, மதுரையில் பத்திரிகை ஆபீஸ் வேலையில் காலம் கழித்தவர் அவர். அவருடைய 'புயலிலே ஒரு தோணி' 1972-ல் புத்தகமாக வந்தது. அதில் யுத்தமும் சாகசமும் நிறைய உண்டு. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது, கதாநாயகன் பாண்டியன் அக்கரையில் இருந்துகொண்டு மதுரைத் தெருக்களையும் சின்னமங்கலத்துச் சந்தையையும் நினைத்துப் பார்க்கும் பகுதிகள்தான். உள்ளூரில் இருக்கிறவனுக்குத் தெரு நாளுக்கு நாள் மாறிக்கொண்டே போகிறது, பழையது மறந்துவிடுகிறது. போனவனுக்கோ புறப்பட்ட தினத்து ஊர் அப்படியே நின்றுவிடுகிறது. ஒரு ஊரின் பழைய முகத்தைக் காப்பாற்றியவன் அதைவிட்டுப் போனவன் என்பது விசித்திரமாகத் தோன்றலாம். அந்த விசித்திரத்தைப் புரிந்துகொண்டு எழுதிய நாவல் இது.

குறையும் சொல்ல வேண்டும். இந்த நாவல் பெரும்பாலும் வட்டிக்கடைப் பெட்டியடியிலிருந்து உலகத்தைப் பார்க்கிறது. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் ஆகியோருக்கு முகமும் குரலும் கிடைத்திருக்கின்றன. ரப்பர் மரம் சீவியவனுக்கு அந்த அளவு கிடைக்கவில்லை. கடிதத்துக்குக் காத்துக்கொண்டு ஊரிலேயே இருந்துவிட்ட மனைவிக்கும் கிடைக்கவில்லை. தாம் அறிந்த உலகத்தைச் சிங்காரம் எழுதினார். அதற்காக அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் இதையே முழுச் சரித்திரமாக நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

விட்டுப்போனது எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு உதாரணம். 1942, 43-ல் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அதே பாதையில் இறந்த போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்திலுள்ள காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயரும் பொறித்திருக்கிறது. நம் கூலிகளுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் இல்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலை எழுதியிராவிட்டால், தமிழ்க் கதையிலும் அவர்களுக்கு இடம் சொற்பமாகவே இருந்திருக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன மருதியைப் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் வெகு முன்னதாகவே எழுதிவிட்டார். அந்த வழியில் பின்னால் நடந்தவர்கள் அதிகமில்லை.

இனி நாவலாசிரியனுக்காகக் காத்திருக்கவும் நேரமில்லை. 1962-க்குப் பின் பர்மாவிலிருந்து திரும்பியவர்களும், 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று எண்ணிக்கை போட்டது. எண்ணிக்கை பத்திரமாக இருக்கிறது. அன்று இருபது வயதாக இருந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.

மேலூரிலோ நத்தத்திலோ சிவகங்கையிலோ வசிக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு பாட்டி இருந்தால் கேட்டு எழுதி வையுங்கள். எழுதும்போது பாஷையைத் திருத்தாதீர்கள். லயம், கங்காணி, தோட்டம் மாறுகிறவனின் கடனைக் குறித்து அடுத்த தோட்டத்துக்குக் கொடுத்தனுப்பிய 'துண்டு' என்று அவர்கள் வாயில் வரும் ஒவ்வொரு வார்த்தைக்குள்ளும் ஒரு அத்தியாயம் இருக்கிறது. யார் கூட நடந்தார்கள், யார் வழியில் தங்கிவிட்டார்கள் என்று கேளுங்கள். பெயரை மறக்காமல் கேளுங்கள்.