ஏறும் சுருதிக்குள் இறங்கும் சுருதி

சிடியில் ஒரு நொடி இசைக்கு, ஒவ்வொரு சேனலிலும் 44,100 எண்கள். வீடியோவின் ஒலிக்குப் பெரும்பாலும் 48,000. சிடி பாட்டு ஒன்றை வீடியோவில் சேர்த்தால், 147 எண்கள் இருந்த இடத்தில் 160 எண்கள் வேண்டும். அந்த 160-இல் ஒன்றே ஒன்றுதான் மூலத்தின் எண்ணோடு ஒரே கணத்தில் பொருந்தும். மற்ற 159-ஐயும் கணக்குப் போட்டுத்தான் பெற வேண்டும். இதுதான் ரீசாம்பிளிங். நன்றாக நடந்தால் நடந்த சுவடே இருக்காது. அதனால் இதை ரசிக்க விரும்புகிறவர்கள் முதலில் மோசமான ஒன்றைக் கேட்டுப் பழக வேண்டும்.

ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில், நொடிக்கு 96,000 எண்கள் என்ற ரேட்டில் ஒரு ஸ்வீப் உருவாக்குங்கள்: 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 48,000 வரை நிற்காமல் ஏறும் ஒற்றை ஒலி. சத்தத்தைக் குறைத்தே வையுங்கள், காதுக்கும் ஸ்பீக்கருக்கும் நல்லது. இதை 44,100-க்கு மாற்றினால், அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸுக்கு மேலே எதுவும் தங்க முடியாது. நல்ல மாற்றி அந்த எல்லைக்கு மேலுள்ளதை வடிகட்டிவிடும். நமக்குக் கேட்பது ஏறிப்போய் மறையும் ஒலி, பிறகு மௌனம். வடிகட்டாத மாற்றியிலோ எல்லையைத் தாண்டிய ஒலி கீழே மடங்கி விழும்: 30,000 ஹெர்ட்ஸ் 14,100 ஆகும், 36,000 ஹெர்ட்ஸ் 8,100 ஆகும். மூலம் ஏற ஏற இது இறங்கும். எந்தச் சுருதிக்கும் ஒட்டாத ஒலி இது. ஒருமுறை அடையாளம் கண்டுகொண்ட காது பிறகு அதை விடவே விடாது. ஸ்பெக்ட்ரோகிராமில் பார்த்தால், ஏறிய கோடு உச்சியில் முட்டித் திரும்புவது கண்ணுக்கே தெரியும்.

அடுத்து ஜால்ரா. நல்ல பதிவு ஒன்றை 22,050-க்கு இரண்டு விதமாகவும் மாற்றி, தட்டிய கணத்தை விட்டுவிட்டு அதன் கார்வையை மட்டும் கேளுங்கள். நல்ல மாற்றியில் பளபளப்பு குறையும், ஆனால் நாதம் நாதமாகவே இருக்கும். மோசமானதில் அடியில் ஒரு சொரசொரப்பு ஒட்டிக்கொள்ளும்.

வேகம் எங்கே செலவாகிறது? நேர்கோட்டு முறை ஒவ்வொரு புது எண்ணுக்கும் பக்கத்திலுள்ள இரண்டு எண்களை மட்டும் பார்க்கிறது. நல்ல முறை இருபுறமும் பல பத்து எண்களைப் பார்த்துப் பெருக்கிக் கூட்டுகிறது. ஜூலியஸ் ஸ்மித்தும் ஃபில் காசெட்டும் 1984-இல் வெளியிட்ட முறையில், பெருக்க வேண்டிய மதிப்புகளை முன்கூட்டியே அட்டவணையாக வைத்துக்கொள்வதால் எந்த விகிதத்துக்கும் மாற்ற முடிகிறது. அதைப் பின்பற்றும் லிப்சாம்பிள்ரேட் நிரலில் இந்தப் பேரம் வெளிப்படையாகவே தெரியும். உயர்தரத் தேர்வு அலைவரிசையில் 97 சதவீதத்தைக் காப்பாற்றும். வடிகட்டும் தேர்வுகளில் வேகமானது 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும், அதாவது சிடி ரேட்டில் சுமார் 17,640 ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற நம்மில் பலருக்கு அதற்கு மேல் கேட்பதே இல்லை. ஆகவே அவசரத்துக்கு நான் இதையே எடுப்பேன். மேல்முனையை இழப்பது நேர்மையான சிக்கனம். இல்லாத ஒலியைச் சேர்ப்பது இசைக்குச் செய்யும் கேடு.

சில எண்களை மட்டுமே பார்க்கும் முறைக்கு உதாரணமாக, 1990-இல் வந்த சூப்பர் ஃபாமிகாம் விளையாட்டுக் கருவியையும் கேட்க வேண்டும். அதன் சோனி சிப் நான்கே எண்களைக் காஸியன் முறையில் கலந்து ஒலியெழுப்பியது. மேல்முனை மங்கிய அந்த மிருதுவான தொனியைத் தேடிக் கேட்கிற ரசிகர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

தொலைபேசி உரையாடலில், பல எண்களைப் பார்க்கும் நீளமான வடிகட்டி பேச்சைத் தாமதப்படுத்தும். அங்கே குட்டையானதே சரி. பாட்டைச் சேமித்து வைக்கும்போது எந்த அவசரமும் இல்லை. மென்பொருளின் தர அமைப்பைத் திறந்து, மிக மெதுவானதையே தேர்ந்தெடுங்கள்.