மாசாத்தியாரின் முதலடி

நேற்றைய போரிலே கணவனை இழந்தவள், இன்று பறை முழங்கியதும் ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் தடவி, வேல் கொடுத்துக் களத்துக்கு அனுப்புகிறாள். புறநானூற்று 279ஆம் பாட்டின் இத்தாயை மேடைதோறும் போற்றினோம், பூரித்தோம்! ஆனால் ஒக்கூர் மாசாத்தியார், அவள் துணிவைக் கண்டு திடுக்கிட்டன்றோ பாட்டைத் தொடங்குகிறார்? பழிப்பதுபோலப் புகழ்ந்தார் என்பர் புலவர் பெருமக்கள். நமக்கோ அது நடுக்கமாகவே படுகிறது.

அந்நடுக்கம் ஈழத்திலே எதிர்ப்பாயிற்று. 2004இல், கருணா பிரிந்து அவர் படை கலைந்தபின் வீடு திரும்பிய பிள்ளைகளை மீண்டும் படையிற் சேர்க்க விடுதலைப் புலிகள் வந்தபோது, மட்டக்களப்புத் தாய்மார் மறித்து நின்றனர், அடியும் பட்டனர். பிள்ளைகளுள் பலர் 18 வயது நிரம்பாதோர். இத்தாய்மாரைக் கோழைகள் என்று கூற எந்த நாவுக்குத் துணிவு வரும்? வேல் கொடுத்தவளே வீரத்தாய் என்னும் இலக்கணம் இவர்கள்முன் நிற்குமா? வகுப்பிலே இப்பாட்டை நடத்தும் நாம், அந்த முதலடியைத் தாண்டி ஓடாமல் சற்றே நிற்க வேண்டும்.