சக்கிமுக்கித் துப்பாக்கியின் பாணிகள்

நம் ஒரகடம் பக்கத்துத் தொழிற்பேட்டைகளுக்கு வடமேற்கே பேரம்பாக்கம். அதைத் தாண்டிக் காஞ்சிபுரம் பக்கம் போனால் புள்ளலூர். 1781-இல் அங்கே நடந்த போரில் இறந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் இருவருக்கு எழுப்பிய தூண்கள் இன்னும் நிற்கின்றன. அதற்கு ஓராண்டு முன்பு, 1780 செப்டம்பர் 10 அன்று, அதே மண்ணில்தான் கம்பெனி கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் வளைத்து முடித்தார்கள். காஞ்சிபுரத்தில் கம்பெனியின் இன்னொரு படையோடு இருந்த ஹெக்டர் மன்றோ கனமான பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டை நோக்கிப் பின்வாங்கினார்.

இருபத்தேழு நாள் கழித்து, அக்டோபர் 7 அன்று, அமெரிக்காவின் கரோலைனா எல்லையில் கிங்ஸ் மவுண்டன் என்ற குன்றில் மலைப்புறத்து உழவர்கள் பிரிட்டிஷ் மேஜர் ஃபெர்குசனின் படையைத் தோற்கடித்தார்கள். அவர்கள் கையில் இருந்தவை வீட்டிலிருந்து கொண்டுவந்த நீள்குழல் ரைஃபிள்கள். புள்ளலூரிலும் கிங்ஸ் மவுண்டனிலும் துப்பாக்கி மருந்தைப் பற்றவைத்தது ஒரே ஏற்பாடு: சக்கிமுக்கிக்கல்.

அந்த ஏற்பாட்டை ஆயுதபூஜை மலரில் எழுதக் காரணம் உண்டு. டூல் ரூமில் பைல் பிடித்துக் கற்ற எவருக்கும் அது சொந்தக்காரப் பொருள். குதிரை என்று தமிழில் சொல்லும் சுத்தியல் தன் வாயில் கல்லைக் கவ்விக்கொண்டிருக்கும். விசையை இழுத்ததும் அது பாய்ந்து எஃகுத் தகட்டின் முகத்தில் உரசும். உரசிய வேகத்தில் தகடு முன்பக்கம் சாய்ந்து, கீழே சிறு கிண்ணத்தில் இருக்கும் மருந்தைத் திறந்துவிடும். பொறி அதில் விழும். தீ பற்றுவாய் வழியாகக் குழலுக்குள் போகும். இந்த ஏற்பாடு முழுவதும் சேர்ந்ததுதான் விசைப்பூட்டு. தகடு மெத்தென்றிருந்தால் பொறி பறக்காது. அளவுக்கு மீறிக் கடினமானால் கல் அதைச் சுரண்ட முடியாது. குதிரையைத் தள்ளும் வில்லும் தகட்டை அழுத்தும் வில்லும் ஒன்றுக்கொன்று எடை பொருந்தியிருக்க வேண்டும். இதையெல்லாம் கடினமானி இல்லாத காலத்தில் உலையின் நிறத்தைப் பார்த்தே செய்தார்கள்.

நாகசுரத்துக்குப் பாணி உண்டு என்று நாம் சொல்வதுபோல், அந்த அமெரிக்க ரைஃபிளுக்கும் ஊருக்கு ஊர் பாணி உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானிய, சுவிஸ் கொல்லர்கள் தங்கள் ஊரின் குட்டையான, வாய் அகன்ற வேட்டைத் துப்பாக்கியை நீட்டினார்கள், மெலியவைத்தார்கள். குழல் 42 அங்குலத்துக்கும் மேல் போனது. குண்டு சிறுத்தது, ஈயமும் மருந்தும் மிச்சமாயின. லான்காஸ்டர்காரர்கள் துப்பாக்கியின் மரக்கட்டையில் பதிக்கும் பித்தளைப் பெட்டியின் தலையில் டெய்சிப் பூவைச் செதுக்கினார்கள். லீஹை பள்ளத்தாக்கில் கட்டையின் பின்புறம் மூக்குப்போல் வளைந்து இறங்கும். தெற்கு மலைகளில் பெரும்பாலும் பித்தளை இல்லை, இரும்புதான். பெயர் பொறிக்காத துப்பாக்கியையும் எந்த ஊர் என்று தேர்ந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். நல்லது எது என்று பார்க்கும் வரிசையும் அவர்களுக்குள் உண்டு. முதலில் உடற்கட்டு, குழல் முனையிலிருந்து கட்டையின் அடிவரை கோடு தடுக்காமல் ஓட வேண்டும். அடுத்தது மரத்தில் இரும்பு உட்கார்ந்திருக்கும் நெருக்கம். செதுக்கு வேலை கடைசி.

அந்த நெருக்கத்தை அவர்கள் எப்படி வரவழைத்தார்கள் என்று படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இரும்புப் பாகத்தில் விளக்குக் கரியைப் பூசுவார்கள், மரக்குழியில் வைத்து எடுப்பார்கள், கரி ஒட்டிய மேட்டை மட்டும் சீவுவார்கள், மறுபடி பூசுவார்கள். நம் டூல் ரூமில் டையின் இரண்டு பாதிகளுக்கு நடுவே நாம் செய்யும் ‘புளூ மேட்சிங்’ இதுவேதான். கரிக்குப் பதில் நீலம்.

இனி நம் பக்கம். தென்னாட்டின் சிறந்த பாணி ஸ்ரீரங்கப்பட்டணத்துடையது. திப்புவின் அரசுப் பட்டறைகளில் செய்த துப்பாக்கிகளைத் தொலைவிலிருந்தே அடையாளம் காணலாம்: குதிரை புலித்தலையாக வாய் பிளந்திருக்கும், குழலில் புலிவரி ஓடும். அலங்காரத்தைவிட நான் மதிப்பது அவர்களுடைய ஒழுங்கை. செய்தவர் பெயர், செய்த இடம், ஆண்டு மூன்றையும் பொறித்தார்கள். நபிகளின் பிறப்பிலிருந்து எண்ணும் மவுலூதி ஆண்டை திப்புவே புகுத்தினார். அதன் இலக்கங்கள் வலமிருந்து இடமாகப் போகும். சையது மாசூம் என்ற கொல்லரின் பெயர் அப்படித்தான் நமக்குக் கிடைத்தது. பிரெஞ்சு விசைப்பூட்டை அருகில் வைத்துக்கொண்டு கற்றார்கள், ஆனால் நகல் எடுக்கவில்லை. 1788-இல் பாரிஸ் போன திப்புவின் தூதர்கள் பதினாறாம் லூயி மன்னரிடம் கைவினைஞர்களையும் கேட்டார்கள். 1799 மே 4-இல் கோட்டை விழுந்தது. துப்பாக்கிகள் கொள்ளைப்பொருளாகக் கப்பலேறின, பட்டறை அத்தோடு முடிந்தது. ஒரு பாணி வேரூன்ற இரண்டு மூன்று தலைமுறை வேண்டும். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஒரு தலைமுறையே வாய்த்தது.

வடக்கே கங்கைக்கரை முங்கேரில் மீர் காசிம் 1760களில் வைத்த பட்டறை அதற்கு மூத்தது. முங்கேர்த் துப்பாக்கியை லண்டன் டவர் முத்திரைத் துப்பாக்கியோடு வைத்துச் சோதித்ததில் முங்கேரே மேல் என்று கண்டதாக அக்காலப் பதிவு ஒன்று சொல்கிறது. ராஜ்மகால் குன்றுகளின் அகேட் கல்லும் அதற்குக் கைகொடுத்ததாம். இலங்கையில் கண்டிப் பக்கத்துச் சிங்களக் கொல்லர்கள் விசைப்பூட்டைக் குழலின் இடப்பக்கத்தில் வைத்தார்கள், கட்டையைக் கொடிச் செதுக்கால் நிரப்பினார்கள்.

இத்தனை பாணிகளுக்கு நடுவே கம்பெனி கொண்டுவந்தது பாணி அல்ல, மாதிரி. 39 அங்குலக் குழலோடு கம்பெனிப் படைக்காக இங்கிலாந்தில் செய்த மலிவுத் துப்பாக்கிக்கு ‘இந்தியா பேட்டர்ன்’ என்று பெயர். 1790களில் பிரிட்டிஷ் ராணுவமே அதை ஏற்றுக்கொண்டது. 1785-இல் பாரிஸில் ஹானரே பிளாங்க் என்பவர் இன்னொரு படி போனார். ஐம்பது விசைப்பூட்டுகளின் பாகங்களைப் பிரித்துப் பெட்டிகளில் போட்டிருந்தார். அப்போது அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், கைக்கு வந்த பாகங்களை எடுத்துத் தாமே பல பூட்டுகளைக் கோத்துப் பார்த்தார், எல்லாம் பொருந்தின. ஒரகடத்தில் அளவு பார்க்க நாம் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை எடுக்கும் ‘கோ, நோ-கோ’ கேஜின் பூர்வீகம் துப்பாக்கிப் பட்டறைதான். ராயல் என்ஃபீல்டின் பெயரிலும் அது தெரிகிறது. இங்கிலாந்தின் என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கி ஆலைக்குப் பாகம் செய்து கொடுத்த நிறுவனம் சைக்கிளுக்கு அந்தப் பெயரை வைத்து, ‘துப்பாக்கி போலச் செய்தது’ என்பதை முழக்கமாக்கியது. அந்தப் பெயர் தாங்கிய மோட்டார் சைக்கிள் 2013 முதல் ஒரகடத்திலும் தயாராகிறது.

பாணி நம்மிடம் அற்றுப்போனதற்குத் திறமைக் குறைவு காரணம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. பாளையக்காரர்களை முறியடித்த பின் 1801 டிசம்பர் 1-இல் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் போட்ட பிரகடனம் தென்பாளையங்களில் ஆயுதம் ஏந்துவதையே குற்றமாக்கியது, கோட்டைகள் தரைமட்டமாயின. 1878-இல் ஆயுதச் சட்டம் வந்தது. வாங்குபவர் இல்லாத இடத்தில் கொல்லர் என்ன செய்வார்? ஏர்க்கொழுவுக்கும் வண்டிப் பட்டைக்கும் திரும்பினார். காட்டோரங்களில் மிஞ்சியது ‘நாட்டுத் துப்பாக்கி’. இன்று அந்தச் சொல் செய்தித்தாளில் போலீஸ் வழக்காக மட்டுமே வருகிறது. லைசென்ஸ் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஒரு கைவேலையின் பெயரே குற்றத்தின் பெயராகிப் போனதுதான் வலிக்கிறது. பென்சில்வேனியாவிலும் கைவேலை ஓய்ந்தது, ஆனால் அங்கே அதை ஓயவைத்தது ஆலை. அதனால் மீட்கவும் முடிந்தது. வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் நகரில் துப்பாக்கிக் கொல்லர் வாலஸ் கஸ்லர் இரும்புப் பட்டையிலிருந்து தொடங்கி முழு ரைஃபிளையும் கையாலேயே செய்வதை 1969-இல் ஒரு படமாகவே எடுத்தார்கள்.

நம் பக்கத்தில் தடையிலிருந்து தப்பியது குடகு. 1861-இல் பிரிட்டிஷ் கமிஷனர் மார்க் கப்பன் குடகின் கொடவர்களுக்கு, அப்போதிருந்த ஆயுதப் பறிப்புச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்தார். அது சுதந்திர இந்தியாவிலும் தொடர்கிறது. இப்போதைய நீட்டிப்பு 2029 வரை. ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கி ஒரு வெடி, வீட்டில் ஒருவர் இறந்தால் இரண்டு. நாற்று நடவு முடிந்து செப்டம்பர் 3-ஐ ஒட்டிக் கைல்போது வரும். அது அவர்களுடைய ஆயுதபூஜை. வீட்டுத் துப்பாக்கியைத் துடைத்துச் சந்தனம் இட்டு, குழலின் முனையில் பூச்செருகி வைப்பார்கள். கொடவ மொழியில் அந்தப் பூவின் பெயர் தோக்குப் பூ, அதாவது துப்பாக்கிப் பூ. நமக்கு அது செங்காந்தள்.