பூசலார் எண்ணமும் பூதவாதியார் வினாவும்

உயிர்க்குச் சுதந்திரம் உண்டோ இன்றோ என்னும் வினா புதிதன்று. பூதங்களன்றி வேறில்லை என்பார்க்கு, மனம் போன வழியெல்லாம் பூதம் போன வழியேயாம். மணிமேகலையிற் பூதவாதி, ஆத்திப்பூவும் வெல்லமும் கூடியவிடத்துக் களிப்புத் தோன்றுமாறுபோலப் பூதக்கூட்டத்தில் உணர்வு தோன்றும் என்பான். சிவஞானசித்தியார் பரபக்கம் முதற்கண் மறுப்பதும் உலகாயதத்தையே. அம்மதம் இப்பொழுது நரம்பியற் கோலம் பூண்டு வந்துளது.

அமெரிக்க நாட்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து இராபர்ட் சப்போல்ஸ்கி என்பார் 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டிட்டர்மின்டு' என்னும் நூல் அக்கொள்கையை விரித்துரைக்கின்றது. 1983-இல் பெஞ்சமின் லிபெட் என்பார், விரலை அசைக்கக் கருதினமையை ஒருவன் உணர்தற்கு ஏறத்தாழ மூன்றிலொரு நொடி முன்னரே மூளையில் மின்குறி எழுதலைக் காட்டினார். அச்சோதனை இவ்வழக்கைத் தீர்க்காது என்பதைச் சப்போல்ஸ்கியாரே உடன்படுவர். அவர் வினா வேறு: "அவ்வெண்ணம் எங்கிருந்து வந்தது?" முன்னை நொடி, முன்னை நாள், கருவிருந்த காலம், குலம், நாடு என்னும் காரணத்தொடரில் இடைவெளி யாண்டும் இல்லை, ஆகலின் புகழும் பழியும் பொருந்தா என்பது அவர் துணிபு.

இவ்வினாவைத் திருநின்றவூரில் வைத்து ஆராய்வாம். அவ்வூர்ப் பூசலார்க்குக் கோயிலெடுக்கப் பொருளில்லை. நெஞ்சகத்தே நிதியும் கருவியும் தச்சரும் தேடி, நாள் குறித்துக் கோயில் சமைத்தார். காஞ்சியிற் கற்கோயில் எடுத்த காடவர்கோன் குறித்த நாளும் அதுவாக, இறைவன் அரசன் கனவில் வேறு நாள் கொள்கவெனப் பணித்தருளினான் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு.

இதில் வறுமை பூசலார் தேர்ந்ததன்று. அதனைப் பிராரத்தம் என்போம். சப்போல்ஸ்கியார் காரணத்தொடர் என்பர். இதுகாறும் வழக்கில்லை. மாயாகாரியங்களின்றி உயிர் ஒன்றும் அறியாதெனக் கூறும் நமக்கு, மூளையின் இன்றியமையாமை புதிய அச்சுறுத்தலும் அன்று. பொருளிலார் பலருள்ளும் ஒருவர் வெறுத்திருப்பர். ஒருவர் பிறர்பொருள் கவர்வர். இவரோ உள்ளத்தே கோயிலெடுத்தார். வந்ததை நுகருங்கால் நாம் செய்வதே ஆகாமியம். வந்தது வேறு, வந்ததன்கண் செய்தது வேறு. உயிரின் சுதந்திரத்திற்கு இடம் இதுவே.

அற்றேல், அச்செயற்கும் ஒரு முற்காரணம் உண்டன்றோ எனின், உண்டு, அது சார்பு. ஆயினும் தள்ளுதல் வேறு, அறிவித்தல் வேறு. கல்லைத் தள்ளினாற் செல்லும், அறிவித்தால் அறியாது. உயிர் தானே அறியாது, அறிவித்தால் அறியும். சப்போல்ஸ்கியார் நூல் எழுதியதும் நம்மைத் தள்ளுதற்கன்று. ஆராய்ந்து உடன்படுமாறு வேண்டுதற்கே. சொல்லும் மூளையைத் தாக்கும் ஒரு காரணமே என்பரேல், நற்காரணங் காட்டி இணக்குதற்கும் மதுவூட்டி இணக்குதற்கும் வேறுபாடு கூறுதல் அவர் கடன். இரண்டும் மூளையை மாற்றுமன்றோ? ஒன்று பொருளுணர்ந்து ஏற்றல், மற்றொன்று அன்று. அவ்வேறுபாட்டைக் கைக்கொண்டே நூலெழுதி, ஏற்பானை மறுத்தல் பொருந்தாது.

நம்மவரிடத்தும் ஒரு குற்றம் உண்டு. "எல்லாம் விதி" எனச் சோம்பியிருப்பார் உலகாயதரோடு ஒரு பந்தியில் அமர்ந்தவரே. சைவம் கூறும் சுதந்திரம் முழுச்சுதந்திரமும் அன்று; ஆணவத்தால் மறைப்புண்டு, கலை முதலிய தத்துவங்களாற் சிறிது விளங்கி, அருளைச் சார்ந்து நிறைவது. ஆகலின், தீயோரை வெறாதீர் என அந்நூலார் கூறும் இரக்கம் நமக்கும் உடன்பாடே. மலத்தால் மறைந்தானுக்கு வேண்டுவது மருந்து. ஆயின் மருந்துண்பான் ஒருவன் உளனாதல் வேண்டும். அவனை இல்லையென்றபின் இரக்கம் யார்மாட்டு?

கச்சிக் கற்கோயிலை அளவுகோலால் அளக்கலாம். நின்றவூர் நெஞ்சக்கோயில் எழுந்தகாலை அடியார் மூளையிலும் குறிகள் எழுந்திருக்கும். அவற்றையும் அளத்தல் கூடும். அளவு முடிந்தபின்னும், கோயிலெடுத்தார் யாவர் என்னும் வினா எஞ்சிநிற்கும். காடவர்கோன் நின்றவூர் புக்குத் தேடியதும் அவரையே.