திக்காத டைம்லைன்

நல்ல எடிட்டரின் கம்ப்யூட்டரில் எனக்கு முதலில் பிடிப்பது, எது எந்த டிரைவில் இருக்கிறது என்ற ஒழுங்குதான். விண்டோஸும் மென்பொருளும் ஒன்றில், ஃபுட்டேஜ் இன்னொன்றில், பிரீமியர் ஓயாமல் எழுதும் கேஷ் ஃபைல்களுக்குத் தனியே ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி.

கல்யாண வீடியோவில் தாலி கட்டும் கட்டத்தை நான்கு கேமராவிலும் சேர்த்து ஓடவிட்டால் இதன் அருமை தெரியும். 4கே புரோரெஸ் 422 ஹெச்க்யூ, 25 ஃபிரேமில், ஒரு கேமராவுக்கே நொடிக்குச் சுமார் 90 எம்பி கேட்கும். நான்குக்கு 360. சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரே ஃபைலை நேராகப் படித்தால் 200 எம்பி வரை தந்துவிடும். நான்கு ஃபைல்களுக்கு நடுவே ஹெட் தாவித் தாவி ஓடும்போது அதுவும் கிடைக்காது. சாட்டா எஸ்எஸ்டி 550 வரை தாங்கும். என்விஎம்இ என்றால் கேட்கவே வேண்டாம்: முடிச்சு விழும் ஃபிரேமைத் தேடி முன்னும் பின்னும் இழுத்தாலும் நான்கு கட்டங்களும் கையோடு வரும்.

எச்.264 ஃபுட்டேஜ் திக்கினால் மட்டும் டிஸ்க்கைத் திட்டாதீர்கள். அங்கே பெரும்பாலும் திணறுவது டீகோடிங். பிராக்ஸி, அதாவது எடிட்டுக்கென்று இலேசான ஒரு பிரதி, போட்டால் சரியாகும்.

எஸ்எஸ்டியை முட்ட நிரப்பாதவர்மேல் எனக்குத் தனி மரியாதை. நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் விழுமே! அவர் வேலை முடிந்த ஃபுட்டேஜை உடனே பெரிய ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிடுவார், இரண்டு பிரதியாக.