காட்சியும் கருத்தும்

தாபோடி வீதியில், ஒன்றை அறியாதவர் 'கல்பனா நாஹீ' என்பர். நம் பிள்ளைகள் அதனைக் 'கற்பனை இல்லை' எனப் பெயர்த்தால் பொருள் பிறழும். மராத்தியில் எண்ணத்தைக் குறிக்கும் அச்சொல், தமிழில் மெய்ம்மைக்கு மறுதலையான புனைவைக் குறிக்கிறது. அங்கே 'விசார்' சிந்தனை. இங்கே 'விசாரம்' கவலை.

இன்னும் மெய்ப்பிக்கப்படாத எண்ணத்தைப் புனைவினின்று பிரித்துக் காட்டும் சொல் தமிழில் உண்டா? மணிமேகலையின் 27-ஆம் காதையில் அளவைவாதி உரைக்கும் பத்து அளவைகளுள் முதலிரண்டு, காட்சியும் கருதலும். கண்டறிவது காட்சி, கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். அதன்வழி வந்த 'கருத்து' என்பதை இன்று நாம் முடிந்த முடிபாகவே வழங்குகிறோம்.

அக்காதை வறண்ட சமயப் பட்டியல் என்பர் சிலர். அதன் இறுதியை அவர்கள் ஊன்றிப் படித்திலர். காட்சியன்றிப் பிறவற்றை ஏலாத பூதவாதியிடம், 'உன் தாய்தந்தையரை அனுமானத்தாலன்றி எவ்வாறு அறிந்தாய்?' என்னும் கருத்துப்பட வினவுகிறாள் மணிமேகலை. அவனிடமிருந்து மறுமொழி இல்லை. தருக்கத்தை இல்லத்துக்கே கொணர்ந்துவிடுகிறார் சாத்தனார்.

பாட்டனார் ஊரைக் கண்டிராத நம் பிள்ளைக்கு அவ்வூர் கருத்தளவே. அதனைக் கற்பனையென்று அவன் கைவிடாதிருக்க, இச்சொற்களின் வேறுபாட்டை உணர்த்துவது நம் கடன்.